பழைய வாண்டு, புது வாண்டு

மே 4, திங்கள்
கடை, காலை

அன்புள்ள தங்கச்சிக்கு,

தம்பி பெண்டாட்டியைத் தங்கச்சி என்று கூப்பிட்டால் முறை இடிக்கிறது என்பான் உன் புருஷன். இடிக்கட்டும். எனக்கு வாயில் அப்படித்தான் வருகிறது.

நீயும் பிள்ளையும் சுகம்தானே? தையல் ஆறிவிட்டதா? பசி எடுக்கிறதா? தூக்கம் எப்படி என்று கேட்கமாட்டேன். இருக்காது. இங்கே நான் சுகம். சீசன் நேரம், மழைக்கு முன்னால் ஊரே வெளிச்சுவர் அடிக்கிறது. கடைக்குள் நிற்க இடமில்லாமல் மாடிப்படி வரைக்கும் பெயிண்ட் டின் அடுக்கியிருக்கிறேன். அதனால்தான் பிள்ளையைப் பார்க்க ஓடி வரவில்லை. சீசன் முடிந்த மறுநாள் ரயில் ஏறிவிடுவேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று உன் புருஷன் போன் செய்தான். "அக்கா, பாப்பாவுக்கு உன் பேருதான். வாண்டு. செல்லமாக் கூப்பிடறதுக்கு இல்ல, பதிவுலயே வாண்டு!" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் இருந்த எல்லாருக்கும் டீ வரவழைத்தேன். நம்ம பெயிண்ட் மேஸ்திரி இருக்கிறாரே, அவர் டீயை வாங்கிக்கொண்டு, "பேரு வெச்சா மட்டும் போதுமா? பேரம் பேசவும் கத்துக்கொடுங்க" என்றார். அப்புறம் போனை உன்னிடம் கொடுத்தான். "உனக்கும் சந்தோஷம்தானேம்மா?" என்று கேட்டேன். நீ "ம்" என்றாய்.

நான் இத்தனை வருஷமாகக் கலர் கார்டை விரித்துக் காட்டி வியாபாரம் செய்கிறவள். கார்டைப் பார்த்து "நல்லாருக்கே" என்றால் அந்த ஆள் வாங்குவார். "யோசிச்சு சொல்றேன்" என்றால் வீட்டில் கேட்க வேண்டும் என்று அர்த்தம். "ம்" என்றால் பிடிக்கவில்லை, சொல்லக் கூச்சம். உன்னுடையது அந்த மூன்றாவது ரகம்.

அதனால் மனசில் இருப்பதை எழுது. போன் வேண்டாம். போனில் பேசினால் அவன் பக்கத்தில் கொக்கு மாதிரி நின்றுகொண்டு, "அவளுக்கும் ஓகேதான்க்கா" என்று பிடுங்கிப் பேசுவான். கடிதத்துக்குள் அவன் கழுத்தை நுழைக்க முடியாது. நாத்தனார் கோபித்துக்கொள்வாள் என்று பயப்படாதே. எனக்குக் கோபம் வந்தால் எதிரில் இருப்பவர்களுக்குக் கேட்கும்படிதான் வரும். உள்ளே வைத்துப் புழுங்குகிற வேலை எனக்குத் தெரியாது.

பிள்ளை ரூமுக்கு வாசனை அடிக்காத பெயிண்ட் லாரி பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அவனையே அடிக்கச் சொல். லிஃப்டையே மேலும் கீழும் ஓட்டுகிற மெக்கானிக்குக்கு ஒரு ரோலர் பெரிசா?

உன் நாத்தனார்,
வாண்டு


மே 9, சனி
வீடு

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்ததும் "அக்கா என்ன எழுதியிருக்கா?" என்று ஓடி வந்தார். "தையல் ஆறிடுச்சான்னு விசாரிச்சிருக்காங்க. படிச்சுக் காட்டவா?" என்றேன். ஆளைக் காணோம்.

தையல் ஆறிவிட்டது. பசி நன்றாக எடுக்கிறது. பாப்பா நலம். அழும்போது மட்டும் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து "ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

நீங்கள் ஒளிக்காமல் கேட்டீர்கள். நானும் ஒளிக்காமல் எழுதுகிறேன். பாப்பாவுக்கு உங்கள் பேரை வைக்க எனக்கும் ஆசை. அவர் சொல்வதற்கு முன்பே ஆசை. ஆனால் நான் நினைத்தது உங்கள் பெரிய பேரை. எங்கள் கல்யாணப் பத்திரிகையில் அதை முதல்முதலாகப் படித்துவிட்டு, "இவ்வளவு அழகான பேரு, யாருங்க இது?" என்று அவரிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அட, அக்கா!" என்றார்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். விமான நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து, முகம் தெரியாத மனிதர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது. இப்போது லீவில் இருந்தாலும் வாய் சும்மா இருப்பதில்லை. "பயணி வாண்டு அவர்கள் உடனடியாக ஏழாம் வாயிலுக்கு வரவும்" என்று அடுப்படியில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. பால் இருக்கும்போதே பால் வாங்கப் போய்விட்டார்.

வாண்டு என்றால் பொடிசு. அவள் எத்தனை நாளைக்குப் பொடிசாக இருக்கப் போகிறாள்? நாளைக்கு ஒரு நீதிபதியாகி நாற்காலியில் உட்கார்ந்தால், "மாண்புமிகு வாண்டு" என்றா கூப்பிடுவார்கள்?

அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, மறைக்கமாட்டேன். ஒருநாள் டிக்கெட்டில் இருந்த பேரை வைத்து ஒரு பயணியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டுவிட்டது. அந்த மனிதர் என் மேஜைக்கு எதிரிலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் மனைவி எங்கிருந்தோ வந்து, "ஏய் குண்டு, நம்ம ப்ளேன்!" என்று ஒரே ஒரு குரல் கொடுத்தார். மனிதர் பேப்பரைப் போட்டுவிட்டு ஓடினார்.

பதிவில் பெரிய பேர், வீட்டில் சின்னப் பேர் என்று இரண்டையும் வைக்கலாமே, ஊரெல்லாம் அப்படித்தானே என்றேன். "உள்ளுக்கு ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு ரெண்டு கணக்கு வெச்சிக்கறது அக்காவுக்குப் பிடிக்காது" என்கிறார். அதற்கு மேல் பேசினால், "அந்தப் பெரிய பேரு யாரோ ஒரு ஆளோடது. அக்காவோடது இல்ல. யாரோ ஒருத்தர் பேரை எதுக்கு என் பொண்ணுக்கு வெக்கணும்?" என்கிறார். 

மாசக் கடைசிக்குள் பதிவு அலுவலகத்தில் பேர் கொடுத்தாக வேண்டும். பேருக்கு உரியவர் நீங்கள். நீங்கள் எதைச் சொன்னாலும் இரண்டு பேரும் கேட்டுக்கொள்கிறோம்.

பெயிண்ட் வந்தது. நிறம் கண்ணுக்கு இதமாக இருக்கிறது. ஒரு சுவர் முடிந்தது. சுவரைவிட அவர் மேல்தான் அதிகம்.

உங்கள் தம்பி மனைவி


மே 13, புதன்
கடை

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை முதலில் வாசலில் நின்றபடி படித்தேன், கோபம் வந்தது. அப்புறம் கல்லாவில் உட்கார்ந்து படித்தேன். கல்லாவில் உட்கார்ந்தால் எனக்குக் கோபம் வராது, தொழில் பழக்கம். மாண்புமிகு வாண்டுவுக்கு மட்டும் சிரித்துவிட்டேன்.

நீ உன் கட்சியைச் சொன்னாய். என் கட்சியையும் கேள்.

பதினாறு வயசில் நான் ஒரு பெயிண்ட் கடைக்கு வேலைக்குப் போனேன். அங்கே மேல்தட்டுக்கு ஏணி எட்டாது. இரண்டு ரேக்குக்கு நடுவே பக்கத்துக்கொரு காலை ஊன்றிப் பல்லி மாதிரி ஏறுகிற அளவுக்கு ஒல்லியாக, குட்டையாக இருந்தவள் நான் ஒருத்திதான். "ஏ வாண்டு, மேல இருந்து எனாமல் எடு!" ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எண்ண முடியாது. சரக்கு எடுக்க வந்த பெயிண்டர்கள் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. நான் தனிக்கடை போட்டபோது அவர்கள் போர்டைப் பார்த்துக்கொண்டு வரவில்லை, "வாண்டு கடை எது?" என்று கேட்டுக்கொண்டுதான் வந்தார்கள்.

போர்டில் என்ன இருக்கிறது என்கிறாயா? லைசென்ஸில் உள்ளபடி பெரிய பேர்தான். ஒரு தடவை புது லாரி டிரைவர் அந்தப் பேரைக் கேட்டுக் கேட்டுத் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தார். பக்கத்துப் பூட்டுக்கடைக்காரர், பத்து வருஷமாக என் சுவரில் முதுகு சாய்த்து உட்காருகிறவர், "அப்படி யாரும் இந்தத் தெருவுல இல்லீங்க" என்று சத்தியம் செய்திருக்கிறார். நான் வாசலில் நின்று கையைக் காலை ஆட்டிக்கொண்டிருக்கிறேன்!

கலர் கார்டு கதையும் இதுதான். கம்பெனிக்காரன் ஒவ்வொரு நிறத்துக்கும் கவிதை மாதிரி பேர் வைத்து அனுப்புகிறான். எந்தப் பெயிண்டர் அதைச் சொல்லிக் கேட்கிறார்? "அந்தப் பல்லாஸ்பத்திரிப் பச்சை கொடுங்க" என்பார். கொடுப்பேன். சரியாக இருக்கும்.

சரி, பெரிய பேரைச் சொல்லி என்னை யார் கூப்பிடுகிறார்கள்? வரி ஆபீஸ். ரத்தப் பரிசோதனைக் கூடம். பக்கத்து வீட்டுக்காரன் எல்லைத் தகராறு செய்தபோது கோர்ட். அந்தப் பேர் காதில் விழுந்தாலே நான் ரசீதுக்கட்டைத் தேடுகிறேன். நல்ல காரியத்துக்கு யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதையா பச்சைப் பிள்ளைக்கு வைப்பது?

பொடிசு வளர்ந்துவிடும் என்கிறாய். என்னைப் பார். கடைவாசலில் நான் நின்றால் மற்றவர்கள் ஒருக்களித்துத்தான் உள்ளே வர வேண்டும். அப்படியும் வாண்டுதான். யாரும் சிரித்ததில்லை. சிரித்தவனுக்குச் சீசனில் சரக்குக் கிடைக்காது.

பிள்ளைக்கு இரண்டு பேர் வைக்காதே. அதில் அவன் சொல்வது சரி. இரண்டு பேரோடு நான் பட்டது போதும். என்னைக் கேட்டாய், முடிவாகச் சொல்லிவிட்டேன்: வாண்டு.

மனசில் வைத்துக்கொள்ளாதே, மைக்கு. (இனி நீ எனக்கு மைக்குதான். தங்கச்சி என்றால் முறை இடிக்கிறதே.)

வாண்டு


மே 17, ஞாயிறு
வீடு

அன்புள்ள அண்ணிக்கு,

சரி. வாண்டு.

நான் தோற்றுப்போனதாக நினைக்கவில்லை. அந்த ரேக்குக்கு நடுவே ஏறுகிற பெண்ணைப் படித்ததும் எனக்கும் அந்தப் பேர் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. கொஞ்ச நாள் போனால் வாய்க்கும் பழகிவிடும்.

அவரிடம் சொன்னதும் ரோலரைக் கையில் வைத்துக்கொண்டே குதித்தார். கூரையில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. காலையிலிருந்து ஓயாமல் "வாண்டு கொட்டாவி விடுது", "வாண்டு முறைக்குது", "வாண்டு என் சட்டையை நாசம் பண்ணிடுச்சு" என்று ஒரே வாண்டு மயம். இருபத்தாறாம் தேதி பதிவு அலுவலகத்துக்குப் போகிறோம்.

உங்கள்
மைக்

(இந்தப் பேர் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் என் ஆபீஸில் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.)


மே 20, புதன்
கடை

அன்புள்ள மைக்குக்கு,

உன் மனசுக்கு ஒரு குறையும் வராது.

ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. சொல்லாதவர்களுக்கு மேஸ்திரி சொல்லிவிட்டார். சரக்கு எடுக்க வருகிறவர்கள் எல்லாம் "புது வாண்டு எப்படி இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் டின்னைத் தூக்குகிறார்கள். "அவ புது வாண்டுன்னா நான் யாருய்யா?" என்றேன். "நீங்க பழைய வாண்டு" என்றார் மேஸ்திரி. கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் பிள்ளையின் குரலைக் கேட்டேன். நல்ல கனமான குரல். பெயிண்ட் கலக்குகிற மிஷின் ஓடும்போதுகூடக் கேட்கும்.

வேறு ஒன்றுமில்லை. இங்கே வெயில்.

வாண்டு


மே 22, வெள்ளி
கடை

அன்புள்ள மைக்குக்கு,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். இருபத்தாறாம் தேதிக்குள் உன் கைக்கு வந்து சேர வேண்டும். போன் செய்யலாம். அவன் எடுப்பான். அவன் எடுத்தால் எனக்கு வாய் வராது.

ஞாயிற்றுக்கிழமை போனைப் பொதுவில் வைத்துப் பேசினானே, ஞாபகம் இருக்கிறதா? "வாண்டு, அழாத" என்றான். "நான் எங்கடா அழறேன்?" என்றேன். "உன்னை இல்லக்கா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "வாண்டுக்குப் பசிக்குது போல" என்றான். "இல்லடா, இப்பதான் சாப்பிட்டேன்" என்றேன். "உன்னை இல்லக்கா!" நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். நானும்தான் சிரித்தேன். போனை வைத்த பிறகும் அந்த "உன்னை இல்லக்கா" மட்டும் காதில் நின்றது.

நேற்றைய கதையைக் கேள். கல்லாவுக்குப் பின்னால் போன் அடித்தது. கலர் கலக்குகிற மிஷின்காரர் எடுத்து, "ஆமாங்க, பழைய வாண்டு கடைதான்" என்று சொல்லிவிட்டு வைத்தார். பேசியது புதிதாக வீடு கட்டிய ஒருவர், வெளிச்சுவர் முழுவதுக்கும் சரக்கு எடுக்க வேண்டியவர். பழைய கடை ஒன்று இருந்தால் புதுக்கடை ஒன்று இருக்கும், அங்கேதான் புதுச் சரக்கு இருக்கும் என்று அந்த மனிதர் மத்தியானம் வரை புது வாண்டு கடையைத் தேடியிருக்கிறார். கடைசியில் எவன் கடையிலோ வாங்கிவிட்டார். பூட்டுக்கடைக்காரர் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒரு வியாபாரம் போனால் இன்னொன்றைப் பிடிப்பேன். அது காரணம் இல்லை. அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் பார்த்தேன், உன்னிடம் அது எடுபடாது.

அந்தப் பேரை எனக்கு யாரும் ஆசைப்பட்டு வைக்கவில்லை, மைக்கு. ஏணி எட்டாத இடத்துக்கு வைத்தது. கீழே நின்று அதட்டுவதற்கு வைத்தது. அதை வைத்து நான் ஒரு கடை போட்டேன், உன் புருஷனைப் படிக்க வைத்தேன், இந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நிற்கிறேன். இன்னும் அது எனக்கு உபயோகத்தில் இருக்கிறது. நான் இன்னும் முடிக்கவில்லை.

வேலைக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்வேன்: ஒரே ஒரு பீஸ் இருக்கிற சரக்கை விற்காதே, அப்புறம் கடையில் காட்ட ஒன்றும் இருக்காது. சொல்கிற நானே விற்றுவிட்டேன். அதுவும் எப்படி! உன்னோடு மல்லுக்கு நின்று, வாதாடி, உன் தலையில் கட்டியிருக்கிறேன். வாங்கியவர்கள் திருப்பிக்கொண்டு வந்து சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். விற்றவள் வந்து திருப்பிக் கொடு என்று நிற்பதை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. நான் நிற்கிறேன். திருப்பிக் கொடு. பதிவில் மட்டுமில்லை, வீட்டில் கூப்பிடுவதற்கும் வேண்டாம்.

என் பெரிய பேரை எடுத்துக்கொள். நல்ல காரியத்துக்கு யாரும் கூப்பிட்டதில்லை என்று அதைத் திட்டி எழுதினேன். பேர் என்ன பாவம் செய்தது? அதைக் கூப்பிட நல்ல ஆள் வாய்க்கவில்லை, அவ்வளவுதான். மூடி திறக்காத டின் அது. நாள்பட்டதில் அடியில் படிந்திருக்கும். நன்றாகக் கலக்கிவிட்டால் புதுசு போலத்தான் அடிக்கும். நீ முதலில் படித்ததுமே அழகான பேர் என்றாயே, உன் கண் தேறின கண். நான்தான் என் சரக்கையே பார்க்கத் தெரியாமல் பேசினேன்.

அற்பமாகத்தான் இருக்கிறது. பிறந்து ஒரு மாசம்கூட ஆகாத பிள்ளையோடு பேருக்குப் போட்டி போடுகிறேன். நீ சிரித்தால் சிரித்துக்கொள். ஆனால் அவனிடம் எப்படிச் சொல்வது? எனக்கு உலகத்திலேயே பெரிய பரிசு கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறான். "வேண்டாம்டா, எடுத்துக்கிட்டுப் போ" என்று எந்த வாயால் சொல்வேன்? அவன் முகம் சுருங்கினால் எனக்குத் தாங்காது. அவனுக்கு மனசு கஷ்டம் என்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. வாண்டு என்றே வை. நான் பழைய வாண்டுவாக இருந்துவிட்டுப் போகிறேன்.

உன் நாத்தனார்


மே 27, புதன்
வீடு

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கூரியர் திங்கட்கிழமை வந்தது. நான் சிரிக்கவில்லை. பொய் சொல்லக் கூடாது, அந்த மனிதர் புதுக்கடையைத் தேடி அலைந்த இடத்தில் சிரித்தேன்.

கடிதத்தைக் கிழிக்கவும் இல்லை. அவர் கையில் அப்படியே கொடுத்துவிட்டேன். நான் எடுத்துச் சொன்னால் என் கட்சியைச் சொல்கிறேன் என்று நினைப்பார். உங்கள் கையெழுத்தில் படிக்கட்டும் என்று விட்டேன்.

அடுப்படியில் நின்றுகொண்டே படித்தார். "பழைய வாண்டா? எவன் சொன்னான்? அந்த மேஸ்திரியா? நான் இப்பவே போன் போடறேன்" என்று ஆரம்பித்தார். அப்புறம் எடுத்த போனை வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"நான் 'உன்னை இல்லக்கா'ன்னா சொன்னேன்?"

"போன் முழுக்க அதைத்தான் சொன்னீங்க."

"அது அக்காவுக்கு இப்படிக் கேட்டிருக்கும்னு எனக்குத் தெரியலடீ."

பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவராகச் சொன்னார்: "உனக்குத் தெரியுமா? ஊர்ல அத்தனை பேரும் அக்காவை வாண்டுன்னு கூப்பிடுவாங்க. லாரிக்காரன் கூப்பிடுவான், பூட்டுக்கடைக்காரர் கூப்பிடுவார். நான் மட்டும் கூப்பிட முடியாது. தம்பியாச்சே, அக்கான்னுதான் கூப்பிடணும். சின்னப்பையனா இருக்கும்போது கதவுக்குப் பின்னாடி நின்னு 'வாண்டு, வாண்டு'ன்னு மெதுவாச் சொல்லிப் பார்ப்பேன். அவ்வளவு ஆசையா இருக்கும். இப்ப நமக்குப் பொண்ணு பிறந்ததும், சரி, இனிமே நானும் வாய் நிறையக் கூப்பிடலாம்னு நினைச்சேன்."

அண்ணி, அவர் முகம் சுருங்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன். கொஞ்ச நேரம் கழித்து, "பத்து நாள் கூப்பிட்டாச்சு. போதும். அக்காவோடது அக்காகிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கூரையில் விழுந்த கோட்டை மறைக்கப் போனார். இப்போது இரண்டு கோடு.

நேற்று பதிவு அலுவலகத்துக்குப் போனோம். வெள்ளைச் சுவர், பச்சை நாற்காலிகள், தலைக்கு மேலே கிறீச்சிடும் மின்விசிறி. எங்கள் முறை வந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா, "குழந்தை பேர் சொல்லுங்க" என்றார். அப்பாதான் சொல்ல வேண்டும் என்று நான் பேசாமல் நின்றேன். இவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. தொண்டையைச் செருமினார். அப்போதும் வரவில்லை.

"பேரு இன்னும் முடிவாகலையா?" என்றார் அந்த அம்மா.

"முடிவாயிடுச்சுங்க. எங்க அக்கா பேரு. அதான் எப்படிச் சொல்றதுன்னு..."

"அக்கா பேரு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். சொல்ல வரமாட்டேங்குது. அக்காவை எப்படிங்க பேர் சொல்லி..."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இவர் காது சிவந்துவிட்டது. நான் பாப்பாவை அவர் கையில் கொடுத்துவிட்டு, நேராக நின்று, என் வேலைக்குரலில் சொன்னேன். லீவில் போனதிலிருந்து அந்தக் குரலை எடுக்கவில்லை. நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. அலுவலகம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. மூலையில் தூங்கிக்கொண்டிருந்த காவலாளி எழுந்து நின்றுவிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, "நல்ல பேரும்மா, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். சரியாகக் கேட்கவில்லை போல என்று நிதானமாகச் சொன்னேன். "கேட்டுச்சு, கேட்டுச்சு. மறுபடி கேக்கணும் போல இருந்துச்சு" என்றார்.

ஆக, பதிவாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று அந்தப் பேரைச் சொல்லிப் பழகினார். வருகிறது, ஆனால் முடிவில் தானாகவே ஒரு "அக்கா"வும் சேர்ந்து வருகிறது. பெற்ற மகளை அக்கா என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார். அப்புறம் பாப்பா பசிக்கு ஒரு குரல் கொடுத்தாள். கீழ்வீட்டுக்காரர் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "வந்துட்டேன்டி சைரன், வந்துட்டேன்" என்று இவர் பால் புட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். அப்போதிலிருந்து சைரன்தான். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள்
மைக்


மே 30, சனி
கடை

அன்புள்ள மைக்குக்கு,

உன் கடிதத்தைக் கல்லாவில் உட்கார்ந்துதான் படித்தேன். கல்லாவில் உட்கார்ந்தால் கோபம் வராது, சரி. கண்ணில் தண்ணீர் வராது என்று எவன் சொன்னான்? மேஸ்திரி, "என்னக்கா, தின்னர் நெடியா?" என்றார். ஆமாம் என்றேன்.

கதவுக்குப் பின்னாடி நின்று கூப்பிட்டுப் பார்த்தானாம்! அந்தப் பயல் அங்கே என்ன முணுமுணுக்கிறான், என் தின்பண்டத்தைத்தான் தேடுகிறானோ என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அவனிடம் சொல். நான் அங்கே வந்துவிட்டு ஊர் திரும்புவதற்குள் அவன் வாண்டு என்று என்னை ஒரே ஒரு தடவை கூப்பிடலாம். ஒரு தடவைதான். இரண்டாம் தடவை காதைத் திருகுவேன். சைரன் விஷயத்தில் நான் தலையிடமாட்டேன். அது அவளாகச் சம்பாதித்தது.

இங்கே "பழைய" என்ற வார்த்தை கடைக்குள் தடை. சொல்பவர்களுக்கு அன்றைக்கு டீ கிடையாது. மேஸ்திரி இரண்டு நாளாக டீ இல்லாமல் இருக்கிறார், திருந்திவிடுவார். நான் வாண்டு, அவ்வளவுதான். முன்னாலும் ஒன்றும் இல்லை, பின்னாலும் ஒன்றும் இல்லை.

சீசன் முடியட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ரயில் ஏறுகிறேன். கடைக்குப் பூட்டு. சீசனில் கடை பூட்டுகிறேன் என்றதும் பூட்டுக்கடைக்காரர், "உடம்புக்கு என்ன?" என்று பதறிப்போய்க் கேட்டார். மற்றக் கடைக்காரர்களும் நாலு காசு பார்க்கட்டும் என்றேன். கூரைக்கு ஒரு சின்ன டின் கொண்டு வருகிறேன். அந்தக் கோடுகளை நானே ஏறி அடிக்கிறேன். ஏணி மட்டும் பலமானதாகப் பார்த்து வை, நான் பழைய எடை இல்லை. (எனக்கும் இன்றைக்கு டீ கிடையாது.)

புதன்கிழமை காலை ஸ்டேஷனுக்கு மூன்று பேரும் வந்துவிடுங்கள். அவனுக்கு அந்தப் பேர் வாயில் வரவில்லை என்றால் போகட்டும், நான் பழக்கிவிடுகிறேன். நான் இதுவரை அதை யாரையும் பார்த்துக் கூப்பிட்டதே இல்லை, கூப்பிட ஆள் ஏது? ரயில் நிற்கும்போது கதவுக்கிட்டே நின்று, பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி முழுசாகக் கூப்பிடப் போகிறேன். உன் மைக்கெல்லாம் என் தொண்டையிடம் பிச்சை வாங்க வேண்டும். அவள் திரும்பிப் பார்க்கிறாளா என்று நீ பார். நான் திரும்பமாட்டேன்.

வாண்டு